மரக்கால் குறைந்த ஊர்: எபிரேயத் தீர்க்கதரிசிகள் கண்ட அநீதியின் விளைவுகளும் பினாங்கின் அனுபவமும்

கேள்வி

ஜார்ஜ்டவுனின் நாகூர் சாலையில் 1929இல் யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்று திறக்கப்பட்டது. பாக்தாத் மரபைச் சேர்ந்த ஒரு சிறிய சமூகம் அதில் கூடி வழிபட்டது. ஆட்கள் குறைந்துபோக, 1976இல் ஆலயம் மூடப்பட்டது. ஜாலான் ஜைனல் அபிடினில், முன்பு யூதர் சாலை எனப்பட்ட தெருவில், அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. யூதர்களின் பெருநோன்பு நாளான பாவநிவிர்த்தி நாளில், ஏசாயா நூலின் 58ஆம் அதிகாரத்தை வாசிப்பது அவர்களுக்குள் எல்லாப் பிரிவினரும் கைக்கொள்ளும் மரபு. வேலையாட்களை வாட்டி வதைத்துக்கொண்டே பட்டினி கிடப்பவர்களின் நோன்பைக் கடவுள் ஏற்பதில்லை என்று சொல்லும் பகுதி அது. நாகூர் சாலையிலிருந்து கடற்கால்வாயைத் தாண்டினால் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறை. அங்கே கரும்பிலும் பிறகு பால்மரத்திலும் உழைத்தவர்கள் தமிழர்கள்.

எபிரேயத் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கூற்று உண்டு. ஏழைக்கு இழைக்கப்படும் அநீதி ஏழையோடு நிற்பதில்லை. அது விளைச்சலுக்குப் பரவும், கால்நடைக்குப் பரவும், நகரத்தின் மதிலுக்கும் கடைசியில் நாட்டின் இருப்புக்கும் பரவும். ஓசியாவின் நான்காம் அதிகாரம் பொய், கொலை, திருட்டு என்று மனிதக் குற்றங்களை வரிசைப்படுத்திவிட்டு, அதனால் நிலம் வாடுவதையும் காட்டு விலங்கும் பறவையும் மீனும் அழிவதையும் பேசுகிறது. வழக்குமன்றத்தில் நடந்த பொய்க்கும் கடலில் செத்த மீனுக்கும் என்ன தொடர்பு? இது வெறும் மிரட்டலா, பழைய உலகத்தின் மந்திர நம்பிக்கையா, சமூகம் இயங்கும் விதத்தைக் கூர்ந்து கவனித்தவர்கள் கண்ட உண்மையா? பினாங்கின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் அந்தக் கூற்று எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இப்படிப்பட்ட சிந்தனை தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம், முறை தவறிய அரசனின் நாட்டில் மழை பொய்க்கும், பசுவின் பயன் குன்றும் என்கிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு தவறான தீர்ப்பு மதுரையை எரிக்கிறது. பாண்டிய நாடு மழையின்றி வறுமையும் நோயும் உறுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் நூல்கள் இரண்டிலும் பொறுப்பு அரசன் தலையில் இருக்கிறது. எபிரேயத் தீர்க்கதரிசிகளோ அரசனோடு நிற்காமல் நிலக்கிழார், தானிய வியாபாரி, நகர வாசலில் அமர்ந்து வழக்குக் கேட்கும் பெரியவர், கோயில் பூசாரி என்று ஒரு முழு வர்க்கத்தையே குற்றக்கூண்டில் நிறுத்துகிறார்கள். கூலித் தோட்டங்களின் வரலாற்றை அந்த எழுத்துகளோடு சேர்த்துப் படிக்க இதுவே வழிவிடுகிறது. தோட்டத்துக்கு அரசன் இல்லை. துரையும் கிராணியும் கங்காணியும் சட்டப் புத்தகமும்தான் இருந்தன.

குற்றப்பத்திரிகை

ஆமோஸ் யூதா நாட்டுத் தெக்கோவாவில் ஆடு வளர்த்தவர். இரண்டாம் எரொபெயாம் ஆண்ட காலத்தில், கி.மு. எட்டாம் நூற்றாண்டில், வடக்கே இஸ்ரவேல் நாட்டுக்குப் போய்ப் பேசினார். பெத்தேலின் பூசாரி அமத்சியா, இது அரசனின் கோயில், உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று அவரை விரட்டிய செய்தி அந்நூலின் ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஓசியா சற்றுப் பிந்திய வடநாட்டவர். ஏசாயாவும் மீகாவும் அதே நூற்றாண்டில் தெற்கே பேசியவர்கள். நூறாண்டு கழித்து எரேமியாவும் ஆபகூக்கும் வருகிறார்கள்.

இவர்களுடைய குற்றச்சாட்டுகள் பொதுவான புலம்பல்கள் அல்ல, துல்லியமானவை. ஒரு ஜோடிச் செருப்பின் பெறுமானத்துக்குக் கடனாளி விற்கப்படுகிறான். அடகாக வாங்கிய மேலாடையைக் கடன் கொடுத்தவன் இரவிலும் திருப்பித் தருவதில்லை. தானியம் அளக்கும் மரக்கால் சிறுக்கிறது, வெள்ளி நிறுக்கும் எடைக்கல் பெருக்கிறது, பதரும் சேர்த்து விற்கப்படுகிறது. பிறர் வயலை எப்படிப் பறிக்கலாம் என்று படுக்கையில் திட்டமிடுகிறவர்கள் பொழுது விடிந்ததும் அதை முடிக்கிறார்கள், கையில் அதிகாரம் இருப்பதால் முடிகிறது என்கிறார் மீகா. அரசன் யோயாக்கீம் கூலி கொடுக்காமல் ஆளை வைத்து மாளிகை கட்டுகிறான் என்கிறார் எரேமியா. ஏழைகளின் உரிமையைப் பறிக்கும் கட்டளைகளை எழுதிவைப்பவர்களை ஏசாயாவின் பத்தாம் அதிகாரம் பழிக்கிறது.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏறக்குறைய எல்லாமே பகலில், சாட்சிகளோடு, ஒரு முறைப்படி நடப்பவை. கடன்பத்திரம், தராசு, அடகு, தீர்ப்பு, அரசாணை என்று ஒரு சமூகம் ஒழுங்காக இயங்கத் தேவையான கருவிகளே இங்கே களவுக்குப் பயன்படுகின்றன. முதலாம் இராஜாக்கள் நூலில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம் பறிபோன கதையும் அப்படித்தான். தோட்டத்தை விரும்பிய அரசன் ஆகாபின் மனைவி யேசபேல் கடிதம் எழுதி அரச முத்திரை இட்டாள், ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள், இரண்டு சாட்சிகள் எழுந்து பேசினார்கள், தண்டனை நிறைவேறியது. விசாரணைக்குரிய சடங்கில் ஒன்றும் விடுபடவில்லை. தீர்க்கதரிசிகளின் கோபத்துக்கு இதுவே மையம்: நீதியின் கருவி கெட்டுவிட்டால் அநீதியைத் தடுக்க வேறு எதுவும் மிஞ்சாது.

மண் தந்த சான்று

இவையெல்லாம் உண்மையில் நடந்தனவா, பிற்காலத் தொகுப்பாளர்கள் தீட்டிய சித்திரமா? அகழாய்வுகள் ஓரளவே உதவுகின்றன. சமாரியாவில் ஹார்வர்டு குழு 1910இல் கண்டெடுத்த, மையால் எழுதப்பட்ட ஓடுகள் மதுவும் எண்ணெயும் அரண்மனைக்கு வந்த கணக்கைக் காட்டுகின்றன. அது வரியா, தலைநகரில் வாழ்ந்த பிரபுக்களுக்கு அவர்கள் நிலத்திலிருந்து வந்த வருவாயா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. சமாரியாவில் கிடைத்த தந்த வேலைப்பாடுகள், தந்தம் இழைத்த கட்டில்களில் சாய்ந்திருப்பவர்களை ஆமோஸ் சாடியது கற்பனையன்று என்று காட்டுகின்றன. செல்வம் இருந்தது என்பது உறுதி. அது யாரிடமிருந்து வந்தது என்பதை ஓடுகள் சொல்வதில்லை.

ஓர் ஓடு மட்டும் விதிவிலக்கு. 1960இல் மெசாத் ஹஷாவியாகு என்ற கடலோரக் கோட்டையில் யோசேப் நாவே கண்டெடுத்தது, காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதி. அறுவடைக் கூலி ஒருவரின் முறையீடு அதில் இருக்கிறது. தனக்கு அளந்துவிட்ட வேலையை முடித்துவிட்டதாகவும், மேற்பார்வையாளர் தன் ஆடையைப் பறித்துக்கொண்டதாகவும், உடன் வேலை செய்தவர்கள் சாட்சி சொல்வார்கள் என்றும், ஆடையைத் திரும்பப் பெற்றுத் தருமாறும் அவர் அதிகாரியிடம் கேட்கிறார். ஆமோஸ் பேசி நூற்றாண்டுக்கு மேலான பிறகும் அதே மேலாடை, அதே வழக்கு. தீர்க்கதரிசிகளின் சொற்களுக்கு வெளியே, உழைத்தவர் தாமே பேசும் குரல் நமக்கு இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைப்பதில்லை.

பொருளியல் விளக்கங்களும் பலவகைப்படும். ஓஸ்வால்டு லோரெட்ஸ் 1975இல் முன்வைத்த கருத்துப்படி, நகரப் பணக்காரர்கள் கடன் வழியாகக் கிராம விளைச்சலில் பங்கை உறிஞ்சும் ஒரு முறை அங்கே உருவாகியிருந்தது. டி. என். பிரேம்நாத் 2003இல் வெளியிட்ட நூல் ஒரு படி மேலே போகிறது. சிறு நிலங்கள் பெருநிலங்களாகச் சேர்ந்து, பலவகைப் பயிர் செய்த இடங்கள் ஏற்றுமதிக்குரிய திராட்சைக்கும் ஒலிவத்துக்கும் மாறியதே எட்டாம் நூற்றாண்டின் நெருக்கடி என்பது அவர் வாதம். இதற்கு எதிராக ஃபிலிப் கியோம் 2012இல் எழுதினார். பண்டைய பாலஸ்தீனத்தில் பற்றாக்குறையாக இருந்தது நிலமன்று, உழைக்கும் ஆட்களே. கடன் என்பது உழவரின் கழுத்துச் சுருக்கு என்பதைவிட விதைக்கும் பருவத்தில் அவருக்குத் தேவையான உதவி என்கிறார் அவர். இந்த எச்சரிக்கை நியாயமானது. எனினும் கடன் தேவையானது என்பதாலேயே அது கொடியதாக மாறாது என்றாகிவிடாது. தேவை மிகுந்த இடத்தில்தான் கடன் கொடுப்பவரின் கை ஓங்கும். தோட்டக் கூலிகளின் முன்பணக் கணக்குகளை அறிந்த எவருக்கும் இது விளங்கும்.

தண்டனையா, விளைவா

இனி மையக் கேள்வி. ஜெர்மானிய அறிஞர் கிளவுஸ் கோக் 1955இல் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தைத் தொடங்கிவைத்தது. எபிரேயச் சிந்தனையில் கடவுள் வெளியிலிருந்து தண்டனை கொண்டுவரும் நீதிபதி அல்லர்; செயலுக்குள்ளேயே கருவாக இருக்கும் விளைவைப் பிறப்பிக்கும் மருத்துவச்சி போன்றவர் என்றார் அவர். பாட்ரிக் மில்லர் 1982இல் இதை மறுத்துத் திருத்தினார். தீர்க்கதரிசிகள் நீதிமன்ற மொழியில்தான் பேசுகிறார்கள், தீர்ப்பு வழங்குபவர் கடவுளே. ஆனால் குற்றத்தின் வடிவமும் தண்டனையின் வடிவமும் ஒத்துப்போகும்படி அவர்கள் காட்டுகிறார்கள் என்பது அவர் முடிவு.

நூல்களைப் பார்த்தால் இரண்டுமே இருக்கின்றன, விளைவின் வகையைப் பொறுத்து. அசீரியப் படை வரும்போது கடவுளே அனுப்பினார் என்ற மொழி ஓங்குகிறது. நிலத்தைப் பற்றிய பேச்சில் செயலும் விளைவும் நேராகப் பிணைந்திருக்கின்றன. ஏசாயாவின் ஐந்தாம் அதிகாரம் வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் நாட்டில் தாங்கள் மட்டுமே குடியிருக்கும் நிலையை உண்டாக்குகிறவர்களைப் பேசுகிறது. அந்த நிலம் விதைத்ததில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே திருப்பித் தரும் என்று கணக்கும் சொல்கிறது. பிரேம்நாத்தின் விளக்கம் சரியென்றால் இதில் மாயம் ஒன்றுமில்லை. பல பயிரும் பல கைகளும் இருந்த இடத்தில் ஒரே பயிரும் ஒரே உரிமையாளரும் வந்தால், ஒரு பஞ்சம் வந்ததும் தாங்கிக்கொள்ள யாரும் இருக்கமாட்டார்கள்.

மிகத் தெளிவான எடுத்துக்காட்டு எரேமியாவின் 34ஆம் அதிகாரம். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டபோது அரசன் சிதேக்கியா, எபிரேய அடிமைகளை எல்லாரும் விடுவிக்க வேண்டும் என்று கோயிலில் உடன்படிக்கை செய்யவைத்தான். விடுவித்தார்கள். எகிப்துப் படை வருவதாகக் கேட்டுப் பாபிலோனியர் சற்றுப் பின்வாங்கினர். உடனே அதே முதலாளிகள் அதே மனிதர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கினார்கள். நீங்கள் அவர்களுக்குத் தராத விடுதலையை நான் உங்களுக்கு எதிராகப் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் தருகிறேன் என்ற பொருளில் எரேமியா பேசினார். அடுத்து நகரம் விழுந்தது. கடவுளின் கோபம் ஒருபுறம் இருக்கட்டும். ஆபத்தில் கொடுத்த வாக்கை ஆபத்து விலகியதும் மீறிய ஒரு நகரத்தில், அடுத்த முற்றுகையின்போது மதிலில் நிற்க யாருக்கு மனம் வரும்?

விளைவு மூன்று தளங்களில் நடக்கிறது என்று வகுத்துக்கொள்ளலாம்: நிலத்தில், மனிதர் ஒருவரையொருவர் நம்புவதில், அரசின் வலிமையில். தீர்க்கதரிசிகளின் நுண்ணறிவு முதல் இரண்டில் வலுவானது. மூன்றாவதில் அவர்களுடைய விளக்கம் தளர்கிறது. அசீரியாவின் படை நேர்மையான சிற்றரசுகளையும் நேர்மையற்றவற்றையும் ஒருசேர மிதித்தது.

கரும்பும் கூலியும்

செபராங் பிறையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1800இல் கெடாவிடமிருந்து பெற்றது. அதற்கு வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயரிட்டது. பத்து காவான் பக்கம் சீனர்கள் கரும்பு பயிரிட்டார்கள். 1840களிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்கள் வந்தன. கலிடோனியா, மலக்கோஃப், பத்து காவான் போன்ற பெயர்கள் இன்றும் செபராங் பிறை முதியவர்களுக்குத் தெரியும். தோட்டங்களுக்கு ஆட்கள் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் வந்தார்கள். 1844 தொடங்கி 1910 வரை மலாயாவுக்கு இப்படி வந்த இந்தியர்கள் சுமார் இரண்டரை இலட்சம் என்பது கெர்னியால் சிங் சந்துவின் மதிப்பீடு.

முறை எளிமையானது. கப்பல் செலவு முன்பணமாகும். அது கூலியில் பிடிக்கப்படும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை விலக முடியாது. விலகி ஓடினால் அது தொழில் தகராறாக அன்றிக் குற்றமாகக் கருதப்படும், சிறைக்குப் போகலாம். வேலைக்கு வராத நாள் ஒப்பந்தத்தின் முடிவில் சேர்க்கப்படும். எல்லாம் எழுத்தில், கைரேகையோடு, அரசாங்கச் சட்டத்தின்படி. ஏசாயா பழித்த கட்டளை எழுதுவோர் இங்கே சட்டசபையில் அமர்ந்திருந்தார்கள்.

1867இல் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிக்கப்பட்டபோது, இந்தியச் சட்டப்படி அங்கே கூலிகளை அனுப்புவதே முறைகேடாயிற்று. தோட்டக்காரர்கள் அழுத்தம் கொடுத்து 1872இல் அதைச் சரிசெய்துகொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே செபராங் பிறைத் தோட்டங்களில் நடந்த கொடுமைகள் அரசின் கவனத்துக்கு வந்தன. 1876இல் பாதுகாப்புச் சட்டம், 1884இல் திருத்தம், 1890இல் தொழிலாளர் ஆணைக்குழு என்று வரிசையாக ஏற்பாடுகள் வந்தன. ஒவ்வொரு முறையும் காயத்துக்குக் கட்டுப்போடப்பட்டது. காயப்படுத்திய ஒப்பந்தம் அப்படியே இருந்தது.

விளைவு என்ன? கரும்புத் தோட்டங்களின் பெயர் தமிழகக் கிராமங்கள்வரை கெட்டுப்போனது. கங்காணியே ஊரிலிருந்து ஆள் திரட்டிவரும் கங்காணி முறையில் ஓரளவு சுதந்திரமாக வந்தவர்கள் காப்பித் தோட்டங்களையும் பின்பு பால்மரத் தோட்டங்களையும் நாடினார்கள். கரும்புப் பக்கம் வர மறுத்தார்கள். அதனால் கரும்புக்காரர்கள் ஒப்பந்த முறையையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. கொடுமை ஆளை விரட்டியது. ஆள் வராததால் கட்டாயம் தேவைப்பட்டது. கட்டாயம் மேலும் கொடுமையானது. கோக் சொன்ன, செயலுக்குள்ளிருந்தே பிறக்கும் விளைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாற்று உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் பால்மரத்தின் விலை ஏறியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கரும்பு மறைந்தது, அதே நிலத்தில் பால்மரம் நின்றது. கரும்பை வீழ்த்தியது அநீதியின் விளைவு மட்டுமன்று, சந்தையும்தான். முதலீடு தப்பித்துக்கொண்டது. செதுக்கிய கல்லால் வீடு கட்டியவர்கள் அதில் குடியிருக்கமாட்டார்கள் என்று ஆமோஸ் எச்சரித்தார். செபராங் பிறையில் துரைகளின் பங்களாக்கள் இடிந்துவிழவில்லை. அடுத்த தலைமுறைக் கூலிகளும் அதே லயங்களில் குடியிருந்தார்கள். அந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். விடுதலைக்குப் பிந்திய பத்தாண்டுகளில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதும், பிறகு அவை வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோதும் இந்த ஒரு விதி மாறவில்லை. பத்து காவான் இன்று 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் முனையில் தொழிற்பேட்டைகள் நிறைந்த ஊர். அந்த மண்ணை நான்கு தலைமுறை வெட்டிக் கொத்தியவர்களுக்கு அதில் ஒரு சாண் பட்டா இருந்ததில்லை.

சட்டப்படி நடந்தவை

தீவுப் பக்கத்தில், கெலுகோரில் கம்போங் புவா பாலா என்று ஒரு தமிழ்க் கிராமம் இருந்தது. மாடு வளர்த்துப் பால் விற்ற குடும்பங்கள் அங்கே பல தலைமுறையாக வாழ்ந்தன. பழைய தோட்ட உரிமையாளர்களான பிரவுன் குடும்பத்தார் தங்கள் ஊழியர்களுக்காக அந்நிலத்தைப் பொறுப்பில் விட்டுச்சென்றார்கள் என்பது குடியிருந்தோரின் வாதம். நிலம் அரசு ஊழியர் கூட்டுறவுக் கழகம் ஒன்றுக்குக் கைமாறியது, வீடமைப்புத் திட்டம் வந்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை சென்று 2009இல் குடியிருந்தோருக்கு எதிராக முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு சாராருக்கு மாற்று வீடுகள் கிடைத்தன. எந்தக் கட்சியின் ஆட்சியில் தவறு நடந்தது என்ற சண்டை நெடுநாள் ஓடியது.

இதை நாபோத்தின் கதையோடு நேராக ஒப்பிடுவது தவறு. அங்கே பொய்ச் சாட்சியும் கொலையும் இருந்தன. இங்கே அவை இல்லை. ஒப்புமை இருப்பது வேறோர் இடத்தில். நிலத்தை ஒரு குடும்பத்தின் பரம்பரை வாழ்விடமாகப் பார்த்த நாபோத்துக்கும், அதைவிட நல்ல தோட்டமோ பணமோ தருகிறேன் என்று பேரம் பேசிய ஆகாபுக்கும் இடையே பொது அளவுகோல் இல்லை. பட்டாவை மட்டுமே அறிந்த சட்டம், மாட்டுக் கொட்டகையையும் குலதெய்வக் கோயிலையும் எந்தக் கணக்கிலும் எழுதத் தெரியாமல் நின்றது. தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். தீர்க்கதரிசிகளின் கேள்வி அதற்குப் பிறகே தொடங்குகிறது.

நகரத்தின் நடுவிலும் ஒன்று நடந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1 முதல் ஜார்ஜ்டவுனில் செயலற்றுப்போனது. பல ஆயிரம் கடைவீடுகளில் குறைந்த வாடகையில் இருந்த முதியவர்களும் கைத்தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் வெளியேறத் தொடங்கினார்கள். வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நெடுங்காலம் அற்ப வாடகையில் கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் அவர்களால் முடியவில்லை. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமையாக அறிவித்தது. பல இனங்களும் சமயங்களும் ஒரே தெருவில் உயிரோடு வாழும் மரபு அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த மரபை உண்டாக்கிய மக்கள் ஏற்கெனவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த வீடுகள் ஒரே கைக்குப் போய்த் தங்கும் விடுதிகளாயின. வீட்டோடு வீடு சேர்ந்து கடைசியில் குடியிருப்போர் இல்லாமற்போகும் என்று ஏசாயா வரைந்த படம் இங்கே மிகையாகத் தோன்றவில்லை.

யார் தலையில் விழுகிறது

தீர்க்கதரிசிகளின் மேல் வைக்க வேண்டிய கடுமையான விமர்சனம் இனிமேல்தான். நகரம் விழும்போது செத்தவர்கள் யார்? முற்றுகையில் முதலில் பட்டினி கிடந்தவர்கள் யாருக்கும் தீங்கு செய்திராத ஏழைகள். மரக்காலைக் குறைத்தவனுக்கும் அதில் ஏமாந்தவளுக்கும் ஒரே தண்டனை என்றால் அது என்ன நீதி? சிலப்பதிகாரத்தில் இளங்கோ இந்தச் சிக்கலை உணர்ந்தார்; மதுரையை எரிக்கும் நெருப்புக்குக் கண்ணகி சிலரை விலக்கி ஆணையிடுகிறாள், முதியோரும் குழந்தைகளும் அதில் உண்டு. ஆமோஸ் அப்படி யாரையும் பிரித்து நிறுத்தவில்லை. பிந்தியவர்களுக்கு இது உறுத்தியிருக்கிறது. எசேக்கியேலின் ஒன்பதாம் அதிகாரத்தில், நகரத்தின் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சுவிடுகிறவர்களின் நெற்றியில் அடையாளமிடப்படுகிறது. 18ஆம் அதிகாரம், தகப்பன் தின்ற புளிப்புக்குப் பிள்ளையின் பல் கூசும் என்ற பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்கிறது. ஓசியா நாட்டை நடத்தை கெட்ட மனைவியாக உருவகித்து அவளுக்கு வன்முறையான தண்டனை பேசுவதை ரெனிட்டா வீம்ஸ் 1995இல் கடுமையாக ஆராய்ந்தார். அநீதியைக் கண்டிக்கும் எழுத்தே ஒரு பெண்ணின் மேல் அடி விழுவதை இயல்பாக்குவது கவனிக்க வேண்டிய முரண்.

எரேமியா நூலில் ஒரு சிறு குறிப்பு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. எருசலேம் விழுந்தபின், பாபிலோனியத் தளபதி நேபுசராதான் ஒன்றுமில்லாத ஏழைகளை நாட்டில் விட்டுவைத்து அவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தான் என்கிறது 39ஆம் அதிகாரம். பறித்தவர்கள் நாடுகடத்தப்பட, பறிகொடுத்தவர்கள் கைக்கு நிலம் வந்தது. அதைச் செய்தது தீர்க்கதரிசிகள் நம்பிய அரசனல்லன், அன்னியப் படை. நூலின் தொகுப்பாளர்கள் இந்தச் செய்தியை விளக்கமின்றி விட்டுவிட்டார்கள். வாசகர்களும் பெரும்பாலும் கடந்துபோகிறார்கள். இன்னும் நீளமாக ஆராயப்பட வேண்டிய இடம் இது.

பினாங்கில் அந்த விதிவிலக்கு நடக்கவில்லை. 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தின் சரிவு இடிந்து 11 பேர் மண்ணில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இரண்டு வாரத்தில், நவம்பர் 4, 5 தேதிகளில், மாநிலமெங்கும் பெருவெள்ளம். ஏழு உயிர்கள் போயின. மழை அசாதாரணமானது என்பது உண்மை. குன்றுச் சரிவுகளில் கட்டடம் எழுப்புவதைப் பற்றி மக்கள் அமைப்புகள் பல ஆண்டுகளாக எச்சரித்துவந்தன என்பதும் உண்மை. அங்கே எழவிருந்த வீட்டை வாங்கப்போகிறவர் மேல் அந்தச் சரிவு விழவில்லை. அதைக் கட்ட வந்தவர்கள் மேல் விழுந்தது. அன்று கப்பலில் வந்த தமிழ்க் கூலியின் இடத்தில் இன்று வங்கதேசத்தவரும் இந்தோனேசியரும் மியன்மார்க்காரரும் நிற்கிறார்கள். அவர்களில் பலரும் கடனோடு வருகிறவர்கள்.

தீர்ப்பு

சேர்த்துப் பார்க்கும்போது இவ்வளவு சொல்லலாம். அநீதி செய்த வர்க்கம் தன் காலத்திலேயே வீழும் என்பது வரலாற்று விதியாக நிற்கவில்லை; செபராங் பிறையின் முதலாளிகள் வீழவில்லை. அநீதி தொட்ட இடத்தோடு நிற்காது, ஆள் வரவையும் நிலத்தையும் நகரத்தின் குடியிருப்பையும் சரிவின் மண்ணையும் கெடுக்கும் என்பது நிற்கிறது. கெடுதல் முதலில் வந்து சேர்வது எளியவர்மேல் என்பதைத் தீர்க்கதரிசிகள் போதிய அளவு சொல்லவில்லை. அதை அவர்களோடு சேர்த்துச் சொல்வது இன்றைய வாசகரின் பொறுப்பு.

பினாங்கில் இந்த மரபைத் தொடர்ந்தவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்லர். குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்பவர்களுக்கு எதிராகவே தொடங்குகிறது. 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை 2019இல் மறையும்வரை வழிநடத்திய எஸ். எம். முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்த தமிழ் முஸ்லிம். நிறுவை அளவில் தொடங்கி மலைச்சரிவுவரை ஒரே சங்கிலியாகப் பார்த்த இயக்கம் அவருடையது. மரக்கால் சிறுப்பதைப் பேசும் ஆமோஸின் எட்டாம் அதிகாரத்துக்கு இந்தத் தீவில் எழுதப்பட்ட நேர்மையான உரை என்று அதைச் சொல்வது மிகையாகாது.

தமிழ்த் திருச்சபைகளில் இந்நூல்கள் வாசிக்கப்படுகின்றன. பெரும்பாலும் தனிமனித மனந்திரும்புதலுக்கான பாடமாகவே வாசிக்கப்படுகின்றன. மரக்காலும் அடகு ஆடையும் உருவகங்களாகிவிடுகின்றன. மறுபக்கம், தோட்டங்களின் வரலாறு வேகமாக அழிந்துவருகிறது. லயங்கள் இடிபட்டுவிட்டன, தோட்ட அலுவலகக் கணக்கேடுகள் சிதறிவிட்டன, கலிடோனியாவிலும் பத்து காவானிலும் வேலை செய்தவர்களில் எஞ்சியோர் முதுமையில் இருக்கிறார்கள். மெசாத் ஹஷாவியாகுவின் கூலிக்காவது ஓர் எழுத்தர் கிடைத்தார். செபராங் பிறையின் ஆலயங்களும் தேவாலயங்களும் தமிழ்ப்பள்ளிகளும் தங்களிடம் உள்ள ஞானஸ்நானப் பதிவு, சேர்க்கைப் பதிவேடு, திருவிழாக் கணக்கு ஆகியவற்றைப் பாதுகாத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அந்த முதியவர்களின் வாய்மொழியை இந்தப் பத்தாண்டுக்குள் பதிவுசெய்ய வேண்டும்.